இடுப்பு மூட்டை அளப்பது எப்படி?

இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். இரு பாதங்களையும் சேர்த்து வையுங்கள். முழங்காலை மடக்காமல் மெதுவாகக் குனிந்து, விரல் நுனியால் தரையைத் தொடப் பாருங்கள். உங்களில் சிலர் விரல் நுனியை என்ன, உள்ளங்கையையே தரையில் பதித்துவிடுவீர்கள். சிலருடைய விரல்கள் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். எட்டாதவர்கள் வருந்த வேண்டாம். எட்டியவர்கள் பெருமைப்படவும் வேண்டாம். ஏனென்றால், நீங்கள் இப்போது அளந்தது எதை என்பதே இன்னும் முடிவாகவில்லை.

ஒரு கல்லூரியில் தடை தாண்டும் ஓட்டத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தடையைத் தாண்டக் கால் உயரமாக எழும்ப வேண்டும். ஆகவே இடுப்பு நன்றாக வளைந்து கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் எல்லாரையும் குனியச் சொல்கிறார். எட்டியவன் உள்ளே, எட்டாதவன் வெளியே! இது நியாயமான தேர்வுதானா? வெளியே அனுப்பப்பட்டவனுடைய இடுப்பு மூட்டு, உள்ளே போனவனுடையதைவிட நன்றாக வளையக்கூடியதாகவே இருந்திருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு நாட்டையே உலுக்கிய குனிதல்

குனிந்து தரையைத் தொடும் இந்தச் சோதனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் அமெரிக்காவில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு எளிய உடற்சோதனைகள் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட்டு மூன்று விநாடி நிற்பது. ஆறில் ஒன்றில் தவறினாலும் தோல்வி என்று கணக்கு. அமெரிக்கப் பிள்ளைகளில் 100க்குச் சுமார் 58 பேர் தோற்றார்கள். அதே சோதனையில் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து நாட்டுப் பிள்ளைகளில் 100க்குச் சுமார் 9 பேர்தாம் தோற்றார்கள். செய்தி ஜனாதிபதி ஐசனோவர் வரைக்கும் எட்டியது. 1956இல் இளைஞர் உடல்தகுதிக்காகவே ஜனாதிபதியின் பெயரால் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது.

பிள்ளைகளை ஓடியாட வைத்தது நல்ல காரியந்தான். ஆனால் குனிந்து தரையைத் தொடுவதில் எத்தனை உறுப்புகள் சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதுகெலும்பு வளைகிறது. இடுப்பு மூட்டு மடங்குகிறது. தொடையின் பின்புறத் தசைகள் இழுபடுகின்றன. கையின் நீளமும் காலின் நீளமும் வேறு சேர்ந்துகொள்கின்றன. இத்தனையையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்துவிட்டு, இதில் உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று கேட்டால் யார் சொல்ல முடியும்?

இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது?

பேச்சு வழக்கில் நாம் ‘இடுப்பு’ என்பது குடத்தை இடுக்கிக்கொள்ளும் இடத்தை. இடுப்பு மூட்டு அதற்கும் கீழே இருக்கிறது. உங்கள் தொடையின் வெளிப்பக்கத்தில், மேல்பகுதியில் கையை வைத்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கட்டியாக ஓர் எலும்பு முனை கைக்கடியில் நகரும். அது தொடை எலும்பின் புடைப்பு. அதன் உட்புறமாகச் சில அங்குலம் தள்ளி, தொடையிடுக்கின் ஆழத்தில் மூட்டு இருக்கிறது. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் எல்லாப் பக்கமும் உருள முடியும்.

அதனால் கால் முன்னே மடங்கும், பின்னே நீளும், வெளியே விரியும், உள்ளே குறுகும், தன் அச்சிலேயே உள்நோக்கியும் வெளிநோக்கியும் சுழலும். ஆறு அசைவுகள்! முழங்காலை மடக்கிக்கொண்டு தொடையை மார்பை நோக்கிக் கொண்டுவந்தால் சுமார் 120 டிகிரி மடங்கும். வெளியே விரிப்பது சுமார் 45 டிகிரி. பின்னே நீள்வதோ 10 முதல் 20 டிகிரிதான். ‘ஓட்டக்காரர்களின் கால் அதைவிட வெகுதூரம் பின்னால் போகிறதே’ என்று கேட்பீர்கள். அங்கே இடுப்பெலும்பு முன்பக்கமாகச் சாய்ந்து, முதுகின் கீழ்ப்பகுதி உள்வளைந்து உதவி செய்கிறது. மூட்டைத் தனியாகப் பார்த்தால், அதன் முன்புறத்தில் உள்ள தடித்த பிணைப்புநார் ஒன்று விறைத்துக்கொண்டு, இதற்கு மேல் போகாதே என்று நிறுத்திவிடும். நம் உடலிலுள்ள பிணைப்புநார்களிலெல்லாம் வலுவானது இதுவே.

ஆக, ‘அவனுக்கு இடுப்பு நெகிழ்வு அதிகம்’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்த அசைவில் அதிகம் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் நீங்களே செய்து பார்க்கலாம். மல்லாந்து படுங்கள். வலது முழங்காலை மடக்கி மார்பருகே கொண்டுவாருங்கள்; எளிதாக வரும். இப்போது அதே காலை முழங்கால் மடங்காமல் நேராக உயர்த்துங்கள். 70, 80 டிகிரியிலேயே தொடையின் பின்புறம் இழுக்கத் தொடங்கிவிடும். மூட்டு அதே மூட்டுத்தானே, இப்போது மட்டும் ஏன் மறுக்கிறது? தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டிக் கீழே போய் முடிகின்றன. இரண்டு மூட்டுகளைக் கடக்கும் தசை அது. முழங்காலை மடக்கினால் தசைக்குத் தளர்ச்சி கிடைக்கிறது. நீட்டினால் அது இறுகி இடுப்பைத் தடுக்கிறது. ஆகவே முதல் அளவு மூட்டைப் பற்றியது. இரண்டாவது அளவு தசையைப் பற்றியது. தடை தாண்டுபவர் முன்னே வீசும் காலுக்கு இரண்டாவது அளவுதான் வேண்டும்.

நீளக் கையின் இலாபம்

உட்கார்ந்து எட்டும் சோதனையைப் பல கல்லூரிகளில் இன்றும் செய்கிறார்கள். கேத்தரின் வெல்ஸ், ஈவ்லின் டில்லன் என்ற இருவர் 1952இல் இதை வெளியிட்டார்கள். காலை நீட்டித் தரையில் உட்கார வேண்டும். உள்ளங்கால்களை ஒரு பெட்டியின்மேல் பதிக்க வேண்டும். பெட்டியின் மேலே உள்ள அளவுகோலில் விரல் எவ்வளவு தூரம் போகிறது என்று சென்டிமீட்டரில் குறிக்க வேண்டும். செலவில்லை, ஒரு மணி நேரத்தில் ஒரு வகுப்பையே அளந்துவிடலாம். அதன் செல்வாக்குக்கு அதுவே காரணம்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முருகனும் சேகரும் ஒரே உயரம். கால் நீளமும் ஒன்றே. இருவருடைய இடுப்பும் முதுகும் சரியாக ஒரே கோணத்துக்கு மடங்குகின்றன. முருகனுடைய கை மட்டும் 4 சென்டிமீட்டர் நீளம். பெட்டியின் மேல் அவன் விரல் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும். பயிற்சியாளரின் குறிப்பேட்டில் முருகன் நெகிழ்வானவன், சேகர் இறுக்கமானவன்! கால் சட்டென்று நீளும் பருவத்தில் இருப்பவர்களுக்கு இந்த அநியாயம் இன்னும் கூடுதலாக நேரும்.

இதைச் சரிசெய்ய வெர்னர் ஹோகர் என்ற உடற்கல்வி ஆய்வாளர் எளிய வழி ஒன்றைக் கண்டார். முதலில் முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து, முதுகு சுவரை விட்டு விலகாமல் கையை நீட்டச் சொன்னார். விரல் எங்கே நிற்கிறதோ அதுவே அவரவருக்குப் பூஜ்யம். அங்கிருந்து எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதே அளவு. கை கால் நீளத்தின் தொல்லை இதில் பெருமளவு போய்விடுகிறது. முதுகெலும்பு கலந்துகொள்ளும் தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

கல்லூரி வீரர்களும் ஈர்ப்பு விசையும்

தூரத்தை விட்டுவிட்டுக் கோணத்தை அளந்தால் என்ன? மருத்துவர்கள் கோனியோமீட்டர் என்ற கருவியால் அளக்கிறார்கள். கோணமானியின் நடுவில் இரண்டு சட்டங்களைப் பொருத்தியது போன்றது அது. ஒரு சட்டம் உடலின் பக்கவாட்டில், மற்றொன்று தொடையின் நெடுக்கில். நடுப்புள்ளி சரியாக மூட்டின் மேல் இருக்க வேண்டும். இடுப்பு மூட்டோ தசைக்குள் ஆழமாகப் புதைந்திருப்பதால், நடுப்புள்ளியை வைப்பதில்தான் கைக்குக் கை வேறுபாடு வரும்.

இந்தத் தொல்லையை ஜாக் லெய்ட்டன் என்ற அமெரிக்க உடற்கல்வியாளர் ஈர்ப்பு விசையைக் கொண்டு தாண்டினார். 1942இல் அவர் வெளியிட்ட கருவிக்கு ஃப்ளெக்ஸோமீட்டர் என்று பெயர். 360 டிகிரி குறித்த வட்டத் தகடு ஒன்று. அதன்மேல் முள் ஒன்று. இரண்டிலும் எடை பொருத்தியிருப்பதால் இரண்டும் தாமாகவே செங்குத்தாக நிற்கும். கருவியைக் காலில் பட்டையால் கட்டுவார்கள். அசைவின் தொடக்கத்தில் தகட்டைப் பூட்டுவார்கள். முடிவில் முள்ளைப் பூட்டுவார்கள். இடையிலுள்ள கோணமே விடை. மூட்டின் நடுப்புள்ளியைத் தேட வேண்டிய வேலையே இல்லை!

இதே லெய்ட்டன் 1957இல், வெவ்வேறு திறமைகளில் தேர்ந்த கல்லூரி விளையாட்டு வீரர்களை நான்கு குழுக்களாக அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘நெகிழ்வானவர்’, ‘இறுக்கமானவர்’ என்று ஆளைப் பிரிக்க முடியாது என்பதை இத்தகைய அளவுகள் காட்டின. ஒருவருக்கே ஒரு மூட்டு தாராளமாகவும் மற்றொரு மூட்டு கஞ்சத்தனமாகவும் இருக்கும். ஒவ்வொரு விளையாட்டுக்காரரிடமும் அந்த விளையாட்டுக்கே உரிய நெகிழ்வு முறை ஒன்று இருக்கும்.

லெய்ட்டனின் கருவி போன்ற ஒன்றை நீங்களே செய்யலாம். கனமான அட்டையில் பெரிய அரைவட்டக் கோணமானி ஒன்றை வரையுங்கள். மையத்தில் துளையிட்டு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு சிறு நட்டைத் தொங்கவிடுங்கள். நண்பர் மல்லாந்து படுக்கட்டும். அட்டையின் நேர்விளிம்பு தொடையின் நெடுக்கோடு இணையாகவும், அரைவட்டம் கீழ்நோக்கியும் இருக்கும்படி தொடையின் வெளிப்பக்கத்தில் நாடாவால் கட்டுங்கள். கால் தரையில் கிடக்கும்போது நூல் 90இல் நிற்கும். முழங்கால் மடங்காமல் காலை உயர்த்தும்போது நூல் செங்குத்தாகவே தொங்கும், அட்டை மட்டும் சாயும். நூல் 90இலிருந்து எத்தனை டிகிரி விலகியதோ அத்தனை டிகிரி கால் உயர்ந்திருக்கிறது. உங்களுக்கு முக்கோணவியல் தெரிந்தால் சரிபார்க்கவும் வழி உண்டு. இடுப்பு மூட்டிலிருந்து குதிகால் வரை 80 சென்டிமீட்டர் என்போம். குதிகால் 70 சென்டிமீட்டர் உயர்ந்தால் சைன் மதிப்பு 0.875, கோணம் சுமார் 61 டிகிரி. யாரையும் பிடித்து அழுத்தாதீர்கள். இழுப்புத் தெரியும் இடம் முடிவு. வலி தெரியும் இடம் முடிவைத் தாண்டிய இடம்.

முதுகு செய்யும் திருட்டு

இனி வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்திலேயே சுவையான பகுதி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர் இருந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பரம்பரையில் பிறந்தவர். நம் ஊர்ப் புத்தூர்க் கட்டுக்காரர்களைப் போன்ற குடும்பம். முறிந்த தொடைக்கு அவர் அமைத்த சட்டம் பின்னாளில் முதல் உலகப் போரில் எத்தனையோ வீரர்களைக் காப்பாற்றியது. அந்தக் காலத்தில் காசநோய் குழந்தைகளின் இடுப்பு மூட்டைத் தாக்குவது சாதாரணம். மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். ஆனால் பிள்ளையை மல்லாந்து படுக்க வைத்தால் கால் நேராக இருப்பதாகவே தோன்றும்!

எப்படி? முதுகின் கீழ்ப்பகுதி பாலம்போல் மேலே வளைந்து, இடுப்பெலும்பை முன்னே சாய்த்து, மூட்டின் குறையை மறைத்துவிடும். தாமஸ் என்ன செய்தார் தெரியுமா? நோயில்லாத காலின் முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடித்தார். இடுப்பெலும்பு பின்னே சாய்ந்து, முதுகு மேசையில் தட்டையாகப் படிந்தது. முதுகின் உதவி நின்றதும், நோயுற்ற காலின் தொடை மேசையை விட்டுத் தானே மேலெழுந்தது. அது எழுந்த கோணமே மறைந்திருந்த குறையின் அளவு.

விளையாட்டு வீரர்களுக்கு இன்று இதையே சற்று மாற்றிச் செய்கிறார்கள். மேசையின் விளிம்பில் படுத்து இரு முழங்கால்களையும் மார்போடு அணைத்து, பிறகு ஒரு காலை மட்டும் தொங்கவிட வேண்டும். தொடை கிடைமட்டத்துக்கு வரவில்லை என்றால் இடுப்பை மடக்கும் ஆழ்தசை இறுகியிருக்கலாம். தொடை இறங்கியும் முழங்கால் மடங்கித் தொங்காமல் நீண்டு நின்றால், தொடையின் முன்புறமாக இடுப்பையும் முழங்காலையும் கடக்கும் தசை இறுகியிருக்கலாம். ஒரே படுக்கையில் இரண்டு தசைகளைப் பிரித்துப் பார்க்கிறோம்.

இங்கேயும் அந்தப் பழைய திருட்டு தொடர்கிறது. அணைத்த முழங்காலைச் சற்றுத் தளர்த்தினாலே போதும், இடுப்பெலும்பு முன்னே சாயும், தொங்கும் தொடை அழகாக இறங்கிவிடும். மூட்டு ஒரு டிகிரிகூட மாறியிருக்காது. இடுப்பெலும்பின் சாய்வைக் கட்டுப்படுத்தாமல் செய்யும் இந்தச் சோதனை இடுப்பு நீட்சியைச் சரியாக அளப்பதாகாது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நேர்க்கால் உயர்த்தும் சோதனையிலும் இதே கதைதான்: கால் உயர உயர இடுப்பெலும்பும் கூடவே பின்னே சாய்ந்து சில டிகிரிகளைத் தானமாகத் தருகிறது. உங்கள் நண்பரை அளக்கும்போது மற்றொரு நண்பர் அவருடைய இடுப்பெலும்பின் முன்முனைகளில் கைவைத்துக் கவனிக்கட்டும். அந்த முனைகள் நகரும் கணத்தில் நூலைப் படியுங்கள்.

நான்கு டிகிரி முன்னேற்றமா?

ஒரே நண்பரைப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை அளந்து பாருங்கள். 68, 72, 70 என்பதுபோல் மூன்று விடைகள் வரும். அவர் மாறவில்லை, நூலும் கண்ணும் கட்டிய இடமும் மாறியிருக்கின்றன. உடம்பு சூடேறுவதும் ஒரு காரணம். ஓடிவிட்டு வந்தவரை அளந்தால் எழுந்தவுடன் அளந்ததைவிடக் கூடுதலாகவே வரும்.

இப்போது ஒரு பயிற்சியாளர் ஜூன் மாதம் 70 டிகிரி, ஆகஸ்டில் 74 டிகிரி என்று எழுதிவைத்து, ‘என் பயிற்சியால் நான்கு டிகிரி கூடியது’ என்கிறார். நம்புவீர்களா? மூட்டுக் கோணங்களில் 5 டிகிரிக்குக் குறைந்த வேறுபாட்டை உண்மையான மாற்றம் என்று கொள்ள அனுபவமுள்ளவர்கள் தயங்குவார்கள். அளப்பவர் ஆளுக்கு ஆள் மாறினால் தயக்கம் இன்னும் கூட வேண்டும். அதனால்தான் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே அளவு உடல் சூடேற்றம், மூன்று அளவுகளின் சராசரி என்று விதி வைத்துக்கொள்கிறார்கள்.

எலும்பு சொல்லும் ‘முடியாது’

வகுப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் சிலருடைய முழங்கால்கள் தரையைத் தொடாமல் உயர்ந்தே நிற்கும். ‘இன்னும் கீழே அழுத்து’ என்று பக்கத்துப் பையன் முழங்காலை மிதிப்பதும் உண்டு. அது கூடாது. சப்பணத்துக்குத் தொடை வெளிநோக்கிச் சுழல வேண்டும். அது எவ்வளவு சுழலும் என்பதைத் தசை மட்டும் தீர்மானிப்பதில்லை. தொடை எலும்பின் கழுத்து, கீழ்ப்பகுதியை ஒப்பிட முன்னோக்கிச் சற்றுத் திருகி அமைந்திருக்கிறது. பிறக்கும்போது இந்தத் திருகல் 30 முதல் 40 டிகிரி. வளர வளரக் குறைந்து பெரியவர்களிடம் சுமார் 15 டிகிரியில் நிற்கிறது. திருகல் கூடுதலாகவே தங்கிவிட்டவர்களுக்கு உள்சுழற்சி தாராளம், வெளிசுழற்சி குறைவு. எலும்பின் வடிவத்தை எந்த நீட்டல் பயிற்சியும் மாற்றாது.

சுழற்சியை அளப்பதும் எளிது. குப்புறப் படுத்து, முழங்கால்களைச் செங்கோணமாக மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் சாயவிடுங்கள். பாதம் வெளியே போகிறது; தொடையோ உள்நோக்கிச் சுழல்கிறது! கீழ்க்கால் செங்குத்திலிருந்து சாயும் கோணமே உள்சுழற்சி. பாதத்தை உள்ளே சாய்த்தால் வெளிசுழற்சி.

கால்பந்து ஆடுபவர்களுக்கு இந்த எண் முக்கியம். தொடையிடுக்கு வலியால் அவதிப்படும் வீரர்களிடம் மொத்தச் சுழற்சி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைவினால் வலி வந்ததா, வலியினால் குறைந்ததா என்பது வேறு கேள்வி. பருவ வயதில் கடுமையாகக் கால்பந்து, பனி ஹாக்கி போன்றவற்றை ஆடியவர்களிடம் தொடை எலும்பின் பந்து முழு உருண்டையாக இராமல், கழுத்தோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்திருப்பது கூடுதலாகக் காணப்படுகிறது. காலை மடக்கி உள்ளே சுழற்றும்போது அந்தத் தடிப்பு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கும். இப்படிப்பட்ட வீரரை ‘இறுக்கம்’ என்று சொல்லி மேலும் மேலும் அழுத்தினால், இழுபடுவது தசை அல்ல. நசுங்குவது கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு.

தேர்ந்தவர்கள் இரு வகையில் இதைப் பிரித்தறிகிறார்கள். முதலாவது, எல்லையில் கைக்குத் தெரியும் உணர்வு: தசை தடுத்தால் ரப்பரை இழுப்பதுபோல் சற்று விட்டுக்கொடுக்கும், எலும்பு தடுத்தால் கதவு நிலையில் முட்டியதுபோல் சட்டென நிற்கும். இரண்டாவது, இழுப்பு எங்கே தெரிகிறது என்ற கேள்வி. தொடையின் பின்புறத்தில் என்று சொல்பவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம். மடக்கிச் சுழற்றும்போது தொடையிடுக்கின் ஆழத்தில் குத்துகிறது என்று சொல்பவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நீங்கள் அளவெடுக்கும் நோட்டில் வலது, இடது, டிகிரி என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘எங்கே தெரிந்தது?’ என்று இன்னொரு கட்டமும் போட்டுக்கொள்ளுங்கள்.